வீட்டோரத்துப் பெருமரம்: கிளை கழிப்பதா, கம்பி கட்டுவதா, அடியோடு வெட்டுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், வடக்கே வெருலம், டோங்காட் பக்கங்களிலும் நம் குடும்பங்கள் வாழும் மனைகள் பெரும்பாலும் குறுகலானவை. ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்வதும் அங்கே வழக்கம். அந்த மனைகளின் பின்புறத்தில், குடிவந்த காலத்தில் நட்ட மாமரமோ அவகாடோவோ, யாரும் நடாமல் தானே முளைத்த, வேம்பைப் போன்ற சிரிங்காவோ ஐம்பது ஆண்டு வளர்ந்து, இன்று கூரையின் பாதியை மூடி நிற்கிறது. 2022 ஏப்ரலில் குவாசுலு-நட்டாலில் 400க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பெருவெள்ளத்துக்கும், 2024 ஜூன் 3 அன்று டோங்காட்டைத் தாக்கிய சுழற்காற்றுக்கும் பிறகு, "இந்த மரத்தை வைத்திருக்கலாமா, வெட்டிவிடலாமா?" என்ற கேள்வி பல வீடுகளில் தீராமல் நிற்கிறது. மகன் வெட்டச் சொல்கிறார், அம்மா மறுக்கிறார், பக்கத்து வீட்டார் தம் கூரைமேல் விழுந்த கொம்புகளை எடுத்துவந்து காட்டுகிறார், மரம் வெட்ட வந்தவரோ "தலையை மட்டும் எடுத்துவிட்டால் போதும்" என்கிறார்.

இப்படித் திகைத்து நிற்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு. மரத்தின் உயரத்தைப் பார்த்தோ, போன மழையில் உண்டான அச்சத்தைக் கொண்டோ முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறை மரத்தின் எந்தப் பாகத்தில் இருக்கிறது, அந்தப் பாகம் முறிந்தால் எதன்மேல் விழும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்த வழி பொருந்தும் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். டோங்காட்டில் வீசியது போன்ற சுழற்காற்றில் குறையே இல்லாத மரமும் சாயும். அதை அளவாக வைத்தால் ஊரில் ஒரு மரமும் மிஞ்சாது. ஆண்டுதோறும் கோடையில் வரும் பலத்த காற்றும், பல நாள் மழையில் ஊறிய மண்ணும்தான் நாம் கணக்கில் கொள்ள வேண்டியவை.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது மரத்தை அல்ல, மரத்தின் கீழே இருப்பதை. மனையின் மூலையில், யாரும் போகாத இடத்தில் நிற்கும் உளுத்த மரத்தைவிட, பிள்ளைகள் உறங்கும் அறைக்கு மேலே ஒரே ஒரு பட்ட கொம்பைத் தாங்கி நிற்கும் நல்ல மரம் ஆபத்தானது. 30 சென்டிமீட்டர் தடிமனும் 4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சைக் கிளை ஏறக்குறைய கால் டன் எடை இருக்கும் என்பதை நினைவில் கொண்டால், எந்தக் கிளை எந்த அறைக்கு மேலே நீண்டிருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பார்ப்பது வீண்வேலை ஆகாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையுள்ள வீடாக இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. ஓடு உடைந்தால் ஒழுகுவதோடு நிற்காது, உடைந்த தகட்டை முறைப்படி அகற்ற அதற்கெனப் பதிவு பெற்றவர்களை அழைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தவை மண்ணும் சரிவும், மரத்தின் இனமும், சட்டமும். செலவை மட்டும் கடைசியில் வைக்கிறேன். ஏனெனில் இன்று கொடுக்கும் கூலியை வைத்துப் பார்க்கும்போது மலிவாகத் தெரியும் வழி, பத்தாண்டுக் கணக்கில் பார்க்கும்போது மிகவும் விலை உயர்ந்ததாக மாறுவதை இந்த விஷயத்தில் திரும்பத் திரும்பக் காண்கிறோம்.

குறை எங்கே இருக்கிறது

மரத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று பாகமாகப் பிரித்துப் பார்ப்பது எளிது.

மேலே இருக்கும் குறைகள் கண்ணுக்குத் தெரிபவை: இலையில்லாமல் காய்ந்த கொம்பு, முன்பு முறிந்து தொங்கிக்கொண்டிருக்கும் கிளை, நுனியில் மட்டும் பாரம் குவிந்து நீண்டுவிட்ட கிளை. சிரிங்கா குளிர்காலத்தில் இலையுதிர்த்துவிடுவதால் ஜூன், ஜூலை மாதங்களில் அதன் எலும்புக்கூடு முழுவதையும் பார்க்கலாம். மாமரத்துக்கு அந்த வசதி கிடையாது. அடியில் நின்று, இலைக்குடைக்குள் தலையை நுழைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நடுவே இருக்கும் முக்கியமான குறை கவட்டையில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே தடிமனுள்ள இரண்டு அடிமரங்கள் பிரியும் இடத்தை நெருங்கிப் பாருங்கள். அந்தக் கவட்டை விரிந்த வளைவாக இருந்து, நடுவில் பட்டை மேல்நோக்கிப் பிதுங்கி ஒரு வரம்பாக நின்றால் பிணைப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். மாறாக, இரண்டும் கத்தியால் கீறியது போன்ற குறுகிய பிளவில் சேர்ந்து, பட்டை உள்நோக்கி மடிந்து புதைந்திருந்தால், அங்கே மரம் மரத்தோடு சேரவில்லை. இரண்டு பட்டைகளுக்கு நடுவே வெறும் இடுக்குதான் இருக்கிறது. மழைநீர் அதில் தேங்கும், எறும்புகள் வாழும், ஆண்டுதோறும் இரு அடிமரங்களும் தடிக்கத் தடிக்க ஒன்றையொன்று வெளியே தள்ளும். நான் பார்த்த ஒரு பழைய மாமரத்தின் கவட்டைக்குக் கீழே, இரு பக்கமும் காது போலப் புடைத்து, நடுவில் ஒரு மெல்லிய கீறல் ஓடிற்று. அதன் வழியே கரிய நீர் கசிந்து காய்ந்த தடம் பட்டையில் தெளிவாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட கீறல் தெரிந்தபின் தள்ளிப்போட இடமில்லை.

கீழே இருக்கும் குறைகளே மிகவும் ஏமாற்றுபவை, மிகவும் கொடியவை. அடிமரத்தோடு ஒட்டித் தட்டுத்தட்டாக வளரும் கடினமான காளான் உள்ளே வேர்க்கழுத்து அழுகுவதற்கு அடையாளம். இலை பச்சையாக இருப்பதைக் கொண்டு ஏமாறக் கூடாது, ஏனெனில் நீரைக் கடத்துவது வெளிப்புற மரம், எடையைத் தாங்குவதில் உள்மரத்துக்கும் பங்கு உண்டு. மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். காலிப் பானையைத் தட்டியது போன்ற ஓசை எங்கே வருகிறதோ அங்கே பொந்து. எல்லாப் பொந்தும் ஆபத்தல்ல. சுற்றியுள்ள நல்ல மரத்தின் தடிமன், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் அது தாங்கும் என்பது மர வல்லுநர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு 10 சென்டிமீட்டர். ஆனால் பொந்துக்கு வாய் திறந்திருந்தாலோ, மரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ இந்த அளவு போதாது.

சாய்வைப் பொறுத்தவரை, பழைய சாய்வும் புதிய சாய்வும் வேறு. சாய்ந்த மரம் பல ஆண்டுகளாகத் தன் உச்சியை மேல்நோக்கி வளைத்துக்கொண்டிருந்தால் அது தன் எடைக்கேற்ப வேரையும் அடிமரத்தையும் பலப்படுத்திக்கொண்டிருக்கிறது. உச்சி முதல் அடி வரை ஒரே கோடாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்தோ எழும்பியோ இருந்தால், வேர்கள் விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டன. அன்றிரவே அந்தப் பக்கத்து அறையைக் காலிசெய்ய வேண்டும்.

வேரைப் பற்றி ஒரு சொல். பெருமரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 60 சென்டிமீட்டருக்குள்ளேயே பரவுகிறது. ஆழத்தில் இறங்கும் ஆணிவேரை நம்பியே மரம் நிற்பதாக நினைப்பது தவறு. அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு தூரம் வரை வேர்களைக் காக்க வேண்டும் என்பது கட்டடப் பணிகளில் கைக்கொள்ளும் அளவு. நெஞ்சுயரத்தில் சுற்றளவு 190 சென்டிமீட்டர் வந்தால் விட்டம் ஏறக்குறைய 60, காக்க வேண்டிய தூரம் 7 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். நம் மனைகளில் அந்தத் தூரம் வீட்டையும் தாண்டிப் போய்விடும். ஆகவே கடந்த சில ஆண்டுகளில் மதில் அடித்தளத்துக்கோ, கார் கொட்டகைக்கோ, கழிவுநீர்க் குழாய்க்கோ மரத்தருகே பள்ளம் தோண்டியதுண்டா என்று குடும்பத்தில் கேளுங்கள். தோண்டியிருந்தால் அந்தப் பக்கத்துப் பிடிப்பு போயிருக்கும், மேலே எதுவும் தெரியாது.

வழி ஒன்று: விட்டுவைத்துக் கண்காணித்தல்

குறை சிறியதாகவும், விழும் வட்டத்துக்குள் ஆள் நடமாட்டம் குறைவாகவும் இருந்தால் இதுவே சரியான வழி. மரத்தை நகர்த்த முடியாது, ஆனால் அதன் கீழே இருப்பதை நகர்த்த முடியும்: காரை நிறுத்தும் இடத்தை மாற்றலாம், துணி காயப்போடும் கொடியை எதிர்ப்பக்கம் கட்டலாம், பிள்ளைகளின் படுக்கையை வேறு அறைக்குக் கொண்டுபோகலாம். இதற்குச் செலவு இல்லை என்று தோன்றும். உண்மையான செலவு ஒழுங்குதான். மழைக்காலம் தொடங்கும் முன் செப்டம்பரில் ஒருமுறை, ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பின் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். அதைச் செய்ய வீட்டில் ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் இது கண்காணிப்பு ஆகாது, மறதிதான்.

காப்பீட்டை எண்ணியும் இந்தப் பதிவுகள் தேவை. புயலில் மரம் விழுந்த சேதத்தை ஏற்கும் பல ஒப்பந்தங்களில், பராமரிப்பின்மையால் வந்த சேதமும் வேரால் மெல்ல மெல்ல உண்டான சேதமும் விலக்கப்பட்டிருக்கும். உங்கள் ஒப்பந்தத்தின் விலக்குகள் பகுதியை முழுவதும் படியுங்கள்.

வழி இரண்டு: முறைப்படி கிளை கழித்தல்

குறை மேலே இருந்தால், பெரும்பாலும் இந்த வழியே போதும் என்பது என் எண்ணம். பட்டதும் முறிந்ததுமான கொம்புகளை எடுப்பது, கூரைமேல் நீண்ட கிளையை அதன் பக்கக்கிளை பிரியும் இடம் வரை குறைப்பது, ஒன்றையொன்று உரசும் கிளைகளில் ஒன்றை நீக்குவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்த வேலை. ஒரே பருவத்தில் பச்சைக் குடையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான மரத்துக்கு அதைவிடக் குறைவே நல்லது.

வெட்டும் இடம்தான் எல்லாம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் தடித்த வளையம் போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அந்த வளையத்துக்குச் சற்று வெளியே வெட்டினால் மரம் காயத்தைச் சுற்றிப் புதுத் திசு வளர்த்து மூடிக்கொள்ளும்; அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டினாலோ, ஒரு முழ நீளம் குச்சியாக விட்டாலோ அழுகல் உள்ளே நுழையும். நம் உடலின் புண் ஆறுவதைப் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. அது அழுகிய பகுதியை உள்ளேயே அடைத்து வைத்து, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ 1970களில் விளக்கிக் காட்டிய உண்மை இது. அதனால் வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூசுவதால் அழுகல் நிற்காது. பாரமான கிளையை முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து வீழ்த்தி, கடைசியாக மிஞ்சிய துண்டை வளையத்தருகே எடுக்க வேண்டும். ஒரே வெட்டில் எடுத்தால் கிளை தன் எடையில் பட்டையை உரித்துக்கொண்டே இறங்கும்.

மழை குறைந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலம் பொதுவாக ஏற்றது. மாமரம் மட்டும் அந்த நாட்களிலேயே பூக்கத் தொடங்குவதால், காய்ப்பு வேண்டுவோர் அறுவடை முடிந்தவுடன் கழித்துவிடுவது வழக்கம். இந்த வழியின் மறைந்த செலவு, இது ஒருமுறையோடு முடியாதது என்பதே. மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆளை அழைக்க வேண்டியிருக்கும். வேரடியில் அழுகல் இருக்கும் மரத்தில் மேலே எவ்வளவு நேர்த்தியாகக் கழித்தாலும் அது கண்துடைப்புதான்.

வழி மூன்று: கம்பி கட்டித் தாங்குதல்

கவட்டையில் குறை இருந்து, வேரும் அடிமரமும் நல்ல நிலையில் இருக்கும் மரத்துக்கு மட்டுமே இது. கவட்டைக்கும் உச்சிக்கும் இடையே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இரு அடிமரங்களையும் எஃகுக் கம்பியாலோ, இதற்கென நெய்த வலுவான கயிற்றாலோ இணைக்கிறார்கள். சில இடங்களில் கவட்டைக்கருகே துளையிட்டு எஃகுத் தண்டும் செருகுவார்கள். கம்பியை மரத்தைச் சுற்றி வளைத்துக் கட்டுவது கூடவே கூடாது. மரம் தடிக்கும்போது அது பட்டையை நெரித்து மேற்பகுதியைக் கொன்றுவிடும்.

அபூர்வமான மரத்துக்கோ, குடும்பம் மனதார விட்டுக்கொடுக்க முடியாத மரத்துக்கோ இது மதிப்புள்ள வழி. ஆண்டுதோறும் ஏறிப் பார்க்க வேண்டும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும் என்பதால், நான்கு அறைகளுக்கு மேலே கவிந்திருக்கும் சாதாரண சிரிங்காவுக்கு இந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வழி நான்கு: மொட்டையடித்தல்

நம் தெருக்களில் மிக அதிகமாக நடப்பது இதுதான், ஐந்து வழிகளில் எந்த நிலையிலும் பொருந்தாததும் இதுதான். தெருத்தெருவாக வரும் ஆட்கள் குறைந்த விலையில், ஒரே பகலில், மரத்தின் தலையைச் சீவிவிட்டுப் போகிறார்கள். மரம் குட்டையாகிவிட்டதால் ஆபத்து போய்விட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள்.

நடப்பது வேறு. தடித்த அடிமரங்களின் நடுவே வெட்டிய இடத்தில் காயத்தை மூடும் வளையம் கிடையாது. வெட்டுவாய் திறந்தே கிடந்து, அழுகல் மேலிருந்து கீழே இறங்குகிறது. இலையை ஒரே நாளில் இழந்த மரம் தன் சேமிப்பைச் செலவழித்துப் பட்டைக்கடியிலிருந்து கொத்துக்கொத்தாகப் போத்துகளைத் தள்ளுகிறது. இயல்பாக வளர்ந்த கிளை, தாய்மரத்தோடு ஆண்டுக்கு ஆண்டு வளையம் வளையமாகப் பின்னிப் பிணைந்தது. இந்தப் போத்துகளோ வெளிப்புற மரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. சில ஆண்டுகளிலேயே அவை பழைய உயரத்தை எட்டிவிடும், அப்போது அவற்றின் அடியில் இருப்பது அழுகிய மரம். முன்பு ஒரு கிளை ஆபத்தாக இருந்த இடத்தில் இப்போது பத்துக் கம்புகள் ஆபத்தாக இருக்கின்றன. நிழலில் வாழ்ந்த மாமரத்தின் பட்டை திடீரென வெயிலில் வெந்து வெடிப்பதும் உண்டு. அவகாடோவுக்கு இது இன்னும் கேடு.

பண்ணைகளில் மாமரத்தைக் கன்றிலிருந்தே ஆண்டுதோறும் சிறு கிளைகளை வெட்டித் தாழ வைக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. கட்டைவிரல் தடிமன் கிளையை ஆண்டுதோறும் வெட்டுவதும், தொடைத் தடிமன் அடிமரத்தை ஐம்பதாம் ஆண்டில் பாதியாக்குவதும் ஒன்றல்ல. ஏற்கெனவே மொட்டையடித்த மரம் உங்கள் வீட்டில் இருந்தால், போத்துகளில் வலுவான சிலவற்றை மட்டும் வைத்து மற்றதைப் படிப்படியாக நீக்கிச் சில ஆண்டுகளில் ஓரளவு சீரமைக்கலாம். வெட்டுவாய்கள் பொந்தாகிவிட்டிருந்தால் அடியோடு எடுப்பதே நேர்மையான முடிவு.

வழி ஐந்து: அடியோடு வெட்டுதல்

வேரடியில் காளான், புதிய சாய்வு, எழும்பிய மண், வெட்டுண்ட பக்கவேர்கள், கீறல் விட்ட கவட்டை ஆகியவற்றில் ஒன்று தெரிந்து, விழும் வட்டத்துக்குள் வீடு இருந்தால், தயங்காமல் இதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டனார் நட்ட மரம் என்ற பாசத்தை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. சிரிங்கா இலையையே வேப்பிலையாக அம்மனுக்குச் சாத்தி, அம்மை கண்ட பிள்ளையின் தலைமாட்டில் வைத்து வளர்ந்த குடும்பங்களுக்கு அதை வெட்டுவது எவ்வளவு கடினம் என்பதும் தெரியும். கற்பூரம் ஏற்றி விடைகொடுத்துவிட்டு, ஒரு தொட்டியில் இளம் வேம்பை வைத்துக்கொள்ளலாம். உயிருக்கு ஈடாக எந்த மரமும் இல்லை.

இந்த வழியின் மறைந்த செலவுகள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம், ஆகவே விலை கேட்கும்போதே இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். குறுகிய மனையில் மரத்தை ஒரே வீழ்த்தாக வீழ்த்த முடியாது. மேலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்க வேண்டும், துண்டுகளை வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியே தலைச்சுமையாகத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். மின்கம்பி அருகே இருந்தால் மாநகராட்சி மின்துறைக்குச் சொல்லி இணைப்பைத் துண்டித்தபின்தான் ஏறவேண்டும். கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது தனிக் கணக்கு. தூரை எந்திரத்தால் அரைத்து எடுப்பதும் பெரும்பாலும் தனிக் கட்டணம். எடுக்காமல் விட்டால் சிரிங்கா தூரிலிருந்தும் வேரிலிருந்தும் மீண்டும் தழைக்கும். அதற்குப் பதிவு பெற்ற களைக்கொல்லியை வெட்டிய உடனே, வெட்டுவாய் காயும் முன், அடிமரத்தின் வெளிவட்டத்தில் தடவ வேண்டும்.

சரிவில் நிற்கும் மரமானால் இன்னும் கவனம் வேண்டும். உயிருள்ள வேர்கள் மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. வெட்டிய பின் அவை சில ஆண்டுகளில் இற்று, அந்தப் பிடிப்பு மெல்ல மெல்லக் குறையும். 2022 வெள்ளத்தில் சரிவுகள் என்ன செய்யும் என்று கண்டவர்கள் நாம். அத்தகைய இடத்தில் தூரைத் தோண்டாமல் தரைமட்டத்தோடு விட்டுவிட்டு, வெட்டும் முன்பே சரிவில் வெட்டிவேர் வரிசைகளையும், ஆழ வேரோடும் சிறு மரங்களையும் நட்டுவிடுவது அறிவுடைமை. மேற்குச் சுவருக்கு நிழல் தந்த மரம் போனால் பிப்ரவரி மாதத்து மாலை வெயில் நேராக அறைக்குள் இறங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வெட்டிய கட்டையை விறகுக்குக் கொடுக்கும் முன் பட்டையைப் பாருங்கள். 2017ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் அடையாளம் காணப்பட்ட ஷாட் ஹோல் போரர் என்னும் 2 மில்லிமீட்டர் வண்டு, தன்னோடு ஒரு பூஞ்சையையும் மரத்துக்குள் கொண்டுபோய் வளர்க்கிறது. அவகாடோ அதற்குப் பிடித்த மரங்களுள் ஒன்று. பட்டையில் நுண்ணிய துளைகளும், அவற்றைச் சுற்றி ஈரக்கறையோ வெள்ளைத் தூளோ இருந்தால், அந்தக் கட்டையை வேறு ஊருக்கு அனுப்புவது நோயையும் சேர்த்து அனுப்புவதாகும்.

சட்டம் எங்கே குறுக்கிடும்

எந்த மரமானாலும் சொந்த மனையில் இருந்தால் வெட்டலாம் என்று நினைக்க வேண்டாம். 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட மரங்களை, உதாரணமாக வெள்ளை மில்க்வுட்டையும் எல்லோவுட் வகைகளையும், உரிமம் இல்லாமல் வெட்டவோ கிளை கழிக்கவோ கூடாது. மனை, டர்பனை ஆளும் ஈத்தெக்வினி மாநகராட்சியின் டிமாஸ் எனப்படும் பசுமை வலையமைப்புக்குள் வந்தால் முதலில் மாநகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவைக் கேளுங்கள். வேலிக்கு வெளியே, தெருவோரத்தில் நிற்கும் மரம் மாநகராட்சியுடையது; அதில் நாம் கைவைக்க முடியாது, எழுத்தில் முறையிட்டு எண் வாங்கிக்கொள்ளலாம்.

மறுபக்கம், 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்து, 2020ல் புதுப்பிக்கப்பட்ட அயல் ஊடுருவு இனங்களின் விதிகளில் சிரிங்கா இடம்பெற்றுள்ளது. நகர எல்லைக்குள் அது மூன்றாம் வகை: இருப்பதை வைத்துக்கொள்ளலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது; ஓடைக்கரையில் நின்றால் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். வீட்டை விற்கும்போது அத்தகைய இனங்கள் மனையில் இருப்பதை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. மாமரத்தோடு சிரிங்காவும் நின்று, ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ள இடம் இருந்தால், எதை எடுப்பது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

பக்கத்து வீட்டாரோடு வரும் வழக்குகளில், எல்லை தாண்டிய கிளையை முதலில் மரத்துக்குரியவரையே நீக்கச் சொல்ல வேண்டும். நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால் எல்லைக்கோடு வரை வெட்டலாம், அதற்கு அப்பால் ஓர் அங்குலமும் போகக் கூடாது. இலை உதிர்வது மட்டும் வழக்குக்குக் காரணம் ஆகாது என்பதை 1951லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சீரீஸ் நகராட்சியின் ஓக் மரங்களைப் பற்றிய வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. வேரால் சுவருக்குக் கேடு என்று தொடுத்த ஒரு வழக்கில் 2003ல் டிரான்ஸ்வால் உயர்நீதிமன்றம், மரம் தரும் நன்மையையும் எடைபோட்டு அதை அகற்ற உத்தரவிட மறுத்தது. கழிவுநீர்க் குழாய்க்குள் வேர் புகுந்தால்கூட, நல்ல குழாயை வேர் உடைத்துக்கொண்டு நுழைவது அரிது; பழைய மண்குழாயின் கசியும் மூட்டு வழியாகத்தான் பெரும்பாலும் நுழைகிறது. மரத்தை வெட்டினாலும் அந்த மூட்டு கசிந்துகொண்டேதான் இருக்கும்.

யாரிடம் கொடுப்பது

ஆபத்தைப் பார்த்துச் சொல்பவரும் வெட்டுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது. வெட்டினால்தான் கூலி என்ற நிலையில் இருப்பவரிடம் வெட்டலாமா என்று கேட்பதில் பொருளில்லை. தகுதி பெற்ற ஆர்போரிஸ்ட் (மர வல்லுநர்) ஒருவருக்கு ஒருமுறை கட்டணம் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்கினால், அது காப்பீட்டுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் காட்ட உதவும்.

வெட்ட வருபவரிடம் தொழிலாளர் இழப்பீட்டு நிதி தரும், கட்டணப் பாக்கி இல்லை என்று காட்டும் ‘லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்’ நடப்பாண்டுக்கு இருக்கிறதா, மூன்றாம் நபர் சேதத்துக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டு, நகலை வாங்கி வையுங்கள். உங்கள் மரத்தில் ஏறும் இளைஞர் கீழே விழுந்தால் அவர் குடும்பத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தாளில்தான் விடை இருக்கிறது. விலைச்சீட்டில் எந்தெந்தக் கிளை, எந்த இடம் வரை, தூர் எடுப்பது சேர்ந்ததா, கழிவு அகற்றுவது சேர்ந்ததா, கூரை சேதமானால் யார் பொறுப்பு என்பவை தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். கிளை கழிக்க வந்தவர் ஆணி பதித்த காலணியோடு ஏறத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்; அது வெட்டிச் சாய்க்கும் மரத்துக்கு மட்டும் உரியது, வாழப்போகும் மரத்தின் பட்டையில் ஒவ்வொரு அடியும் ஒரு காயம்.